இரண்டரை நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல வருடங்களாக ஒரே நாளிதழின் திரைவிமர்சகரை வாசித்து வருகிறேன். ஒரு படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதை அவரைப் படித்துத்தான் முடிவு செய்வேன். சென்ற மாதம் அவருடைய இருபது விமர்சனங்களை ஒரே மூச்சில் படித்தேன். குழப்பம்தான் மிச்சம். அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளாத ஒரு மெதுவான படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு மெதுவான படம் வருகிறது, அது பொறுமையைச் சோதிக்கிறது என்கிறார். விருது வாங்கிய படத்துக்கு இரண்டரை நட்சத்திரம், கார்கள் பறந்து வெடிக்கிற படத்துக்கு நான்கு. இருபதில் பதிமூன்று விமர்சனங்கள் ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்’ என்ற ரகம். விமர்சகர் என்றால் உறுதியான கருத்து வேண்டாமா? இவரை இனி எப்படி நம்புவது? பத்திரிகை நறுக்குகளை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

இருபது நறுக்குகளையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. உங்கள் குழப்பம் புரிகிறது. ஆனால் என்னைக் கேட்டால், அவரை நம்பலாம் என்பதற்குக் காரணமே அந்தப் பதிமூன்று விமர்சனங்கள்தான்.

வாரத்துக்கு மூன்று நான்கு படம் பார்ப்பது அவர் வேலை. தேர்ந்தெடுத்துப் பார்க்கிற வசதி அவருக்கு இல்லை. வெள்ளிக்கிழமை என்ன வருகிறதோ அதைப் பார்த்தாக வேண்டும். அப்படி வருகிற படங்களில் பெரும்பாலானவை மகத்தானவையும் அல்ல, குப்பையும் அல்ல. முதல் ஒரு மணி நேரம் அற்புதமாக இருக்கும், அப்புறம் கதையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் தடுமாறும். ஒரு நடிகை ஒரே காட்சியில் மனதை அள்ளிவிடுவார், சுற்றியுள்ள எதுவும் அவருக்கு ஈடுகொடுக்காது. இப்படிப்பட்ட படத்தைப் பற்றி உண்மையாக எழுதினால் அதில் ‘ஆனால்’ வரத்தான் செய்யும். வாரந்தோறும் ஒன்றைக் காவியம் என்றும் இன்னொன்றைக் குப்பை என்றும் எழுதுகிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் குழப்பத்தில் பாதி நட்சத்திரங்களால் வந்தது. படங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தை 1928இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தீரர் தொடங்கிவைத்தார் என்பார்கள். அவசரத்தில் இருக்கிற வாசகருக்கு அது உதவிதான். ஆனால் நாம் அதைத் தேர்வு மதிப்பெண் போல வாசிக்கிறோம். நான்கு வாங்கிய கார் படம் இரண்டரை வாங்கிய விருதுப் படத்தைவிட உயர்ந்தது என்று கணக்குப் போடுகிறோம். சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் 1967 முதல் 2013இல் இறக்கும்வரை எழுதிய திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். அவருடைய நட்சத்திரம் அந்தந்த வகைக்குள் ஒப்பிட்டுப் போட்டது. ஒரு சூப்பர்ஹீரோ படம் எப்படி என்று நண்பர் கேட்டால், மற்ற சூப்பர்ஹீரோ படங்களோடு வைத்துத்தான் பதில் சொல்வோம், ஒரு கனமான குடும்பப் படத்தோடு வைத்து அல்ல. உங்கள் விமர்சகரும் அப்படித்தான் செய்கிறார். கார் படத்துக்கு அவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். எந்தக் கார் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நொடிகூடக் குழம்பாதபடி துரத்தலை எடுத்திருக்கிறார்கள், வெட்டி வெட்டி ஏமாற்றவில்லை என்கிறார். வந்த வேலையை ஒழுங்காகச் செய்த படத்துக்கான பாராட்டு அது.

எண்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் தளம், ஒரு படத்தை எத்தனை சதவீத விமர்சகர்கள் ஆதரித்தார்கள் என்று காட்டுகிறது. அறுபதைத் தொட்டால் படம் தேறியது. இதில் ஒவ்வொரு விமர்சனத்தையும் ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று ஏதாவது ஒரு பக்கம் தள்ளியாக வேண்டும். பத்துப் பேருமே ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று எழுதினால் படத்துக்கு நூறு சதவீதம். ஏழு பேர் உருகி, மூன்று பேர் கொதித்தால் எழுபது. உங்கள் விமர்சகரின் பதிமூன்று ‘ஆனால்’களும் அங்கே போனால் காணாமல் போய்விடும். எனக்கோ அந்த ‘ஆனால்’தான் முக்கியம்.

சரி, கலவையான விமர்சனம் எழுதுகிறவருக்கு முதுகெலும்பு இல்லை என்று ஆகிவிடுமா? 1940 முதல் 1967 வரை நியூயார்க் டைம்ஸின் முதன்மைத் திரைவிமர்சகராக இருந்தவர் பாஸ்லி க்ரௌதர். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1958இல் நியூயார்க்கில் திரையானபோது அவர் எழுதிய விமர்சனம் புகழ்பெற்றது, தவறான காரணத்துக்காக. இவ்வளவு தளர்வான கட்டமைப்பும் மந்தமான வேகமும் கொண்ட படத்தை ஹாலிவுட் படத்தொகுப்பாளர்கள் செப்பனிடாத முதல் தொகுப்பாக ஏற்பதே அரிது என்றார். இன்றைக்கும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்காட்டிச் சிரிக்கிறார்கள். வேகத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதே விமர்சனத்தில், வறுமை எப்போதும் அன்பை அழித்துவிடுவதில்லை என்பதை இந்தப் படம் நெகிழவைக்கும் விதத்தில் காட்டுகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். பழகாத ஒரு வடிவத்தின் முன்னால் தன் பொறுமையின்மையையும் தன் நெகிழ்ச்சியையும் ஒளிக்காமல் வைத்துவிட்டார். வெறுமனே புகழ்ந்திருந்தால் இன்று அவர் பெயர் தப்பித்திருக்கும், நமக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடைத்திருக்காது.

இதே க்ரௌதர் 1960இல் ‘சைக்கோ’வை அரை மனதோடுதான் வரவேற்றார். ஆண்டு முடிவில் அவரே அதைச் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் சேர்த்தார். 1967இல் ‘பானி அண்ட் க்ளைட்’ வந்தபோது மாறவில்லை, திரும்பத் திரும்பத் தாக்கினார். அதே படத்தை முதலில் கண்டித்த நியூஸ்வீக் இதழின் ஜோசப் மோர்கன்ஸ்டர்ன் மீண்டும் ஒருமுறை பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்தார், அடுத்த வாரமே தான் எழுதியது தவறு என்று அச்சில் சொன்னார். மோர்கன்ஸ்டர்ன் செய்ததை நான் மிக மதிக்கிறேன். ஒரு விமர்சகரிடம் நான் எதிர்பார்க்கும் உறுதி அதுதான்.

காரணத்தை வெளிப்படையாக எழுதிவிட்டால் எதிர்க்கருத்துகூடப் பயன்படும். ‘ப்ளூ வெல்வெட்’ 1986இல் வந்தபோது பலரும் கொண்டாடினார்கள், ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். அந்தப் படத்தில் நடித்த நடிகையின் துணிச்சலை அவர் பாராட்டினார். அவ்வளவு வேதனையான காட்சிகளை நடிக்கவைத்துவிட்டு, சுற்றிலும் கேலி செய்துகொண்டிருக்கிறார் இயக்குநர் என்பதுதான் அவருடைய கோபம். அதைப் படித்துவிட்டு ஒருவர் படத்தைத் தவிர்க்கலாம். இன்னொருவர், அந்த இரண்டும் ஒரே படத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே போகலாம். இருவருக்குமே அந்த விமர்சனம் உதவியிருக்கிறது.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடமும் ஒன்று உண்டு. சோம்பேறித்தனமான கலவையும் இருக்கிறது. ‘நடிப்பு அருமை, ஒளிப்பதிவு கச்சிதம், இரண்டாம் பாதி இழுவை, மொத்தத்தில் ஒருமுறை பார்க்கலாம்.’ இந்த வாக்கியங்களை அப்படியே எடுத்து வேறொரு படத்தின் விமர்சனத்தில் ஒட்டினாலும் பொருந்தும். அது விமர்சகர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எழுதியது. உங்கள் இருபதில் நான்கு அப்படி இருக்கின்றன. அவற்றை நான் காப்பாற்ற வரவில்லை.

நானும் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்கு விமர்சனம் எழுதியிருக்கிறேன். முந்நூறு சொல்லில் முடிக்க வேண்டும், கதையின் முடிவைச் சொல்லக் கூடாது, இரவுக்குள் கொடுக்க வேண்டும். தலைப்பு நம் கையில் இல்லை, அதை உதவி ஆசிரியர் போடுவார். ஒரு புது இயக்குநரின் படத்தைப் பற்றித் தயக்கத்தோடும் நிறைய நம்பிக்கையோடும் எழுதிக் கொடுத்தேன். காலையில் பார்த்தால் ‘ஏமாற்றம்’ என்ற தலைப்பில் வந்திருந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தலைப்பையும் நட்சத்திரத்தையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த இரண்டு மெதுவான படங்களுக்கு அப்படிச் செய்து பார்த்தேன். முதல் விமர்சனத்தில் அவர் ஒரு மௌனத்தை விவரிக்கிறார்: மகன் ஏதாவது சொல்வான் என்று அப்பா கதவருகே நிற்கிறார், அவன் சொல்லவில்லை, அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். இரண்டாவதில், ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு ஒரு மௌனம் வருகிறது, ஒவ்வொரு மௌனத்துக்கும் இசை வந்து அழச் சொல்கிறது என்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான். இந்த மௌனம் பாத்திரத்திடமிருந்து வருகிறதா, இயக்குநரின் ஆசையிலிருந்து வருகிறதா? உங்களுக்கு வேண்டியிருந்த உறுதி அங்கே இருக்கிறது.

விருதுப் படத்தில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. அதன் கடைசிக் காட்சி திணிக்கப்பட்டது என்கிறார். அந்தப் பெண் நடுவிலேயே இரண்டு முறை அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள், அதனால் முடிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்களா? பார்த்திருந்தால் அந்தக் காட்சி உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.