'ஜே. எட்கர்' படத்தில் வருவதெல்லாம் உண்மையா?
வாழ்க்கை வரலாற்றுப் படம் என்பது வாழ்ந்த ஒருவரின் கதையை நடிகர்களைக் கொண்டு சொல்வது, ஆவணப்படம் அல்ல. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'ஜே. எட்கர்' (2011), 1924 முதல் 1972இல் இறக்கும்வரை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யை ஆண்ட எட்கர் ஹூவரைப் பற்றியது. விரல்ரேகைப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டியவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை உளவு பார்த்தவரும் அவர்தான்.

படத்தில் முதிய ஹூவரே தன் கதையைச் சொல்லி எழுதவைக்கிறார். வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்பது போன்றது இது. பின்னர் நண்பர் டால்சன் அந்தக் கதையில் ஹூவர் மிகைப்படுத்தியவற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். படத்தின் மிக நேர்மையான காட்சி அது. ஹூவரின் தனிப்பட்ட கோப்புகளை அவர் இறந்தபின் செயலாளர் அழித்துவிட்டதால், பலவற்றைச் சரிபார்க்க வழியில்லை.

பலரும் நம்பினாலும், படத்தில் வரும் ஹூவர்–டால்சன் காதல் நிரூபிக்கப்பட்ட வரலாறு அல்ல, திரைக்கதையின் ஊகம்.