கேமராவை எடுக்கும் முன்: ஸ்டோரிபோர்டு கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் குழுவில் யாருக்கும் படம் வரைய வராது. ஸ்டோரிபோர்டை விட்டுவிடலாமா?

வேண்டாம். ஸ்டோரிபோர்டு என்பது ஒவ்வொரு ஷாட்டையும் (கேமராவை நிறுத்தாமல் எடுக்கும் ஒரு துண்டு) ஒரு கட்டத்தில் வரைந்து, வரிசையாக வைப்பதுதான்; அதற்குக் குச்சி மனிதர்களே போதும். தலைக்கு ஒரு வட்டம் போட்டால் மூக்குக்கு ஒரு கோடும் இழுத்துவிடுங்கள்; ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை அதுதான் சொல்லும். மிக அழகாக வரைந்த சில ஸ்டோரிபோர்டுகளில், குளோசப்பா தூரத்து ஷாட்டா என்பதே முடிவாகியிருக்காது. கட்டத்தின் கீழே ஷாட் எண், எத்தனை விநாடி, என்ன ஒலி என்று எழுதினால் வேலை முடிந்தது.

கேள்வி: மூன்று நிமிட வீடியோவுக்கு எத்தனை கட்டங்கள் வேண்டும்?

நிமிடத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஷாட்டுக்கு ஒரு கட்டம். கேமராவோ ஆளோ நகர்ந்தால் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, நடுவே அம்புக்குறி. பிறகு கட்டங்களை மொபைலில் படமெடுத்து எடிட்டிங் செயலியில் அடுக்குங்கள். வசனத்தை நீங்களே வாசித்துப் பதிந்து ஓடவிடுங்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். எந்த இடம் இழுக்கிறது என்பது படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆசிரியரும் மாணவியும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சி. எடிட் செய்தபோது இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் இருந்தது. ஏன்?

கேமரா கோட்டைத் தாண்டிவிட்டது. இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஷாட்டையும் கோட்டின் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் ஆசிரியர் வலப்பக்கமும் மாணவி இடப்பக்கமும் பார்ப்பார்கள். ஆசிரியரை இந்தப் பக்கமிருந்தும் மாணவியை மறுபக்கமிருந்தும் எடுத்தால் இருவரும் வலப்பக்கமே பார்ப்பார்கள். 180 டிகிரி விதி என்பது இதுதான். ஸ்டோரிபோர்டின் ஓரத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல் சிறிய தரைப்படம் போட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா நிற்கும் இடத்தைப் புள்ளி வையுங்கள். கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமா? ஷாட் ஓடும்போதே கேமராவை நகர்த்தித் தாண்டுங்கள். பார்ப்பவருக்குத் திசை குழம்பாது.

கேள்வி: நிமிர்ந்த வீடியோவா, படுத்த வீடியோவா?

எதுவானாலும் கட்டம் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். படுத்த 16:9 கட்டத்தில் அருகருகே நிற்க வைத்தவர்களில் ஒருவர் நிமிர்ந்த 9:16-இல் வெளியே போய்விடுவார்.

கேள்வி: கதை வரிசைப்படியே படமாக்க வேண்டுமா?

தேவையில்லை. ஒரே இடத்தில் நடக்கும் ஷாட்டுகளை ஒன்றாக எடுத்துவிடுங்கள். அதனால்தான் நோட்டுப் புத்தகத்தைவிடத் தனித்தனி அட்டைகளை நான் சிபாரிசு செய்கிறேன். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் ஓவியங்களைப் பலகையில் குத்திவைத்து, இடம் மாற்றிப் பார்த்தார்கள்; ஒன்றை எடுத்தெறிய மற்றதை அழிக்க வேண்டியதில்லை. அட்டையில் ஷாட் எண் இருந்தால், படப்பிடிப்புக்காக இடவாரியாகப் பிரித்ததை எடிட்டிங்கின்போது பழைய வரிசைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: படப்பிடிப்பு நாளில் நேரம் போதாவிட்டால்?

எவை இல்லாவிட்டால் கதை புரியாதோ, அந்த அட்டைகளில் முந்தைய நாளே நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். முதலில் அவற்றை எடுங்கள். எல்லா அட்டையிலும் நட்சத்திரம் விழுந்தால் கதை நீளம் என்று அர்த்தம். அதை அன்றே வெட்டிவிடுங்கள்.