தண்ணீர்க் குழாய் பராமரிப்பு டெண்டருக்குச் சிறு நிறுவனம் விலை கொடுக்கலாமா?

நான்கு பேர் வேலை பார்க்கும் பிளம்பிங் நிறுவனம், சிங்கப்பூரில் அரசு, நகர மன்ற வேலைகளுக்கு விலை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாட்டின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும். குடிநீர்த் தொட்டிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்து, சுத்தம் செய்து, சான்றளிப்பவர் அவர்தான். அதனால் இந்த வேலை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும்.

அரசு அமைப்புகளின் அழைப்புகள் அரசாங்கத்தின் இணையக் கொள்முதல் தளமான ஜீபிஸில் (GeBIZ) வரும். பெரிய டெண்டரை விட்டுவிட்டு, சிறிய விலைக் கோரல்களில் தொடங்குங்கள். பல டெண்டர்களுக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பதிவும் கேட்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் பொதுக் குழாய், தொட்டி வேலைகள் நகர மன்றங்களுடையவை. அவற்றின் அறிவிப்புகளைத் தனியாகப் பாருங்கள்.

பலர் அடிவாங்குவது விலையில்தான். பல பராமரிப்பு ஒப்பந்தங்களில் ஒவ்வொரு வேலைக்குமான விலைப்பட்டியல் முன்பே இருக்கும். அதற்கு மேலா கீழா, எத்தனை சதவீதம் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். வேலை கிடைத்தால் போதும் என்று 20 சதவீதம் குறைத்துவிடாதீர்கள். நள்ளிரவு அவசர அழைப்பு, ஒரு வால்வு மாற்றுவதற்காக லாரி ஓடும் செலவு, தாமத அபராதம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்க வேண்டும். அப்புறம், வேலை நடக்கும் இடத்தைக் காட்டும் நாளுக்கு வருவது கட்டாயம் என்று போட்டிருந்தால் போகாமல் இருக்காதீர்கள். போகாவிட்டால் உங்கள் விலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.