பாட்டி தைத்த பழைய புடவைப் போர்வையில் இருக்கும் கறைகளைத் துணி கெடாமல் எடுப்பது எப்படி?

பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை, 40 வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது, மடிப்புகளில் பழுப்பு, நடுவில் மஞ்சள் கறை, ஓரத்தில் துரு என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஆச்சியின் போர்வையும் ஏறக்குறைய இதே கோலத்தில்தான் என்னிடம் வந்தது. கிழிந்த கண்டாங்கியிலும் சுங்குடியிலும் நல்ல பாகத்தை மட்டும் வெட்டி, நான்கு அடுக்காக வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் கீல் பட்டு ஓர் இடத்தில் துரு ஏறியிருந்தது. குளோரின் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் ஒற்றினேன். துரு போகவில்லை. இரண்டு தடவை அலசியதும் அந்த இடம் மட்டும் இற்றுப்போய் ஓட்டை விழுந்துவிட்டது. குளோரின் துருவை எடுக்காது என்பதோடு, இரும்பு இருக்கும் இடத்தில் எந்த பிளீச்சும் பருத்தி இழையை இன்னும் வேகமாக அரிக்கும் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. ஆச்சியின் கைத்தையல் இரண்டு அங்குலம் போனது போனதுதான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீரில் போடுமுன் சாயம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறத் துண்டின் மேலும், தையல் நூலின் மேலும், ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரிலும் அதையே செய்யுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் நம்பாதீர்கள். பஞ்சில் நிறம் ஏறினால் முழுசாக நனைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பட்டுத் துண்டோ ஜரிகையோ சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். கொசுவலைத் துணியை மேலே போட்டு வாக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்சி, நிழலில் காற்றாட விரித்தால் போதும்.

சாயம் நின்றால், பாதி வேலையைப் பச்சைத் தண்ணீரே செய்துவிடும். மடிப்பில் தெரியும் பழுப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அழுக்கல்ல. பருத்தி மூப்படையும்போது அதிலேயே உண்டாகும் அமிலப் பொருள் அது, தண்ணீரில் கரையும். குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய டப்பில் ஒரு பழைய வாயில் (voile) புடவையை விரித்து, அதன் மேல் போர்வையை வைத்துத் தண்ணீர் விடுங்கள். எங்கள் வீட்டில் முதல் தண்ணீர் பால் சேர்க்காத டீ போல வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினேன். ஐந்தாவது தண்ணீரில்தான் தெளிந்தது. கசக்கவே இல்லை, உள்ளங்கையால் மெல்ல அமுக்கியதோடு சரி. தூக்கும்போது போர்வையைப் பிடிக்காமல் அடியில் இருக்கும் புடவையின் நான்கு முனைகளையும் இரண்டு பேராகப் பிடித்துத் தூக்குங்கள். நனைந்த போர்வையின் கனம் தாங்காமல் பழைய தையல் பட்டுப் பட்டென்று தெறிக்கும்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? இரும்பு கலந்த தண்ணீராக இருந்தால் புதிதாக மஞ்சள் பூத்துவிடும். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துரு. எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அந்த இடத்தில் மட்டும் விட்டு, பத்து நிமிடத்தில் நன்றாக அலசுங்கள். உப்பும் எலுமிச்சையும் தேய்த்து வெயிலில் காயப்போடச் சொல்வார்கள். புதுத் துணிக்கு அது தாங்கும். பழைய துணியில் அமிலம் காயக்காய இழை உளுத்துப்போகும். நிறத் துண்டில் இருந்தால் எலுமிச்சையே வேண்டாம்.

இதற்கும் மிஞ்சிய கறைக்கு ஆக்ஸிஜன் பிளீச் என்று விற்கிற சோடியம் பெர்கார்பனேட் இருக்கிறது. துரு துளியும் இல்லையென்றால் மட்டும். பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை மணி நேரம், அவ்வளவுதான். பிறகு நான்கைந்து தடவை அலச வேண்டும்.

நடுவில் இருக்கும் மஞ்சள் கறை சமையல் மஞ்சளா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் சிவந்துவிடும். பயப்பட வேண்டாம், அலசினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சளுக்கு எதிரி வெயில்தான். மற்ற இடங்களைக் கெட்டித் துணியால் மூடி, அந்தக் கறையை மட்டும் காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் வெளிறும். வாழைக்கறை, வெற்றிலைக்கறை, காய்ந்து பழுத்த எண்ணெய்க்கறை இருந்தால் விட்டுவிடுங்கள். அவற்றை எடுக்கிற அளவு வலுவான மருந்து துணியையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

கொடியில் தொங்கவிடாதீர்கள். துண்டுகளுக்கு நடுவே வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, கயிற்றுக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து நிழலில் காய வையுங்கள். உள் அடுக்கு காய எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. கஞ்சி போட வேண்டாம், பூச்சி வரும்.

திரும்ப அந்த டிரங்குப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். நான் கஞ்சியில்லாத பழைய வேட்டியில் சுற்றி, மர அலமாரியில் மடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறேன். ஓட்டை விழுந்த இடத்தில் ஆச்சியின் இன்னொரு கண்டாங்கியிலிருந்து ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன்.