எம்பி3 பிளேயர் வாங்கப் போகிறவர்களுக்கு

பிளேயர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், டர்பன் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கையில் போன் இருக்க இது எதற்கு? (சாட்ஸ்வர்த் அக்கா)

எல்லாருக்கும் வேண்டியதில்லை அக்கா. ஆனால் லோட் ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தினால் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். பாட்டுக்கு வேறொன்று இருந்தால் நிம்மதி, டேட்டாவும் செலவாகாது.

ஐபாட் இன்னும் கிடைக்குமா? (பீனிக்ஸ் தம்பி)

ஆப்பிள் 2022 மே மாதமே கடையைக் கட்டிவிட்டது. இனி பழையதுதான். பேட்டரி மாற்றித் தர ஆள் இருந்தால் வாங்கு, இல்லையென்றால் விட்டுவிடு.

அம்மாவுக்கு எண்பது வயது. பக்திப் பாட்டு மட்டும் கேட்பார். எதை வாங்கலாம்? (டோங்காட் ஐயா)

தொடுதிரை வேண்டவே வேண்டாம் ஐயா. விரலுக்குத் தட்டுப்படுகிற பட்டன், மெமரி கார்டு போடும் இடம், சொந்த ஸ்பீக்கர், இவ்வளவு போதும். 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 16 ஜிபி கார்டிலேயே 250 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இன்னொன்று, மலிவான பிளேயர் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது, பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். அதுவும் போதாது, சில பிளேயர்கள் எண்ணையும் மதிக்காது, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். ஆகவே ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். விநாயகர் பாட்டு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் அம்மா உங்களைத்தான் திட்டுவார்.

512 ஜிபி கார்டு பாதி விலைக்குத் தருகிறார்களே? (பல பேர்)

தருவார்கள், ஏன் தரமாட்டார்கள்! பல நேரம் உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், கணினியில் போட்டால் மட்டும் 512 என்று காட்டும். அந்த 8 நிறைந்த பிறகு ஏற்றுகிற பாட்டெல்லாம் பெயரளவில் இருக்கும், பாடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும், நேரம் எடுத்தாலும் செய்யுங்கள். நல்ல கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு: 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் கோப்புகளை அடுக்கும்படி வரும், பழைய பிளேயருக்கு அது புரியாது. ஃபேட்32 என்ற பழைய முறைக்கு ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃப்ளாக் (ஒலியைக் குறைக்காமல் சேமிக்கும் கோப்பு வகை) போட்டால் நன்றாகக் கேட்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நல்ல இயர்போன் இருந்தால் யோசிக்கலாம். பஸ்ஸில் 320 கேபிபிஎஸ் எம்பி3யே தாராளம். 128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோப்புதான் பெரிதாகும், போன ஒலி திரும்பாது.

ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்ததைக் கார்டில் ஏற்றலாமா?

முடியாது, அது அந்த ஆப்புக்குள் மட்டும் ஓடும். அதுதான் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு பிளேயர் வாங்க வேண்டும். அந்த விலைக்கு இன்னொரு போனே வந்துவிடும்.