ஆங்கிலச் சொல்வளம் வளர எந்த ஆப் நல்லது?

"ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்வளம் வளர எந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவும், நல்ல ஆப் ஒன்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் கற்பிப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பெயர் மட்டும் போதும் என்றால், ஆன்கி. சொற்களைக் கார்டுகளாக வைத்து, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்கும் ஆப் அது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். ஆனால் ஆன்கியை இறக்கி, யாரோ செய்து வைத்த ஐயாயிரம் சொல் டெக் (கார்டுத் தொகுப்பு) ஒன்றைப் போட்டு மாணவர் கையில் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் விட்டுவிடுவார்கள். எந்தச் சொல்லை எந்த நாளில் மறுபடி கண்முன் கொண்டுவர வேண்டும் என்ற கணக்கை முழுவதுமாகக் கருவியிடம் விட்டுவிடுங்கள், ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அதை நாம் கையால் செய்ய முடியாது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதும், அதற்கு ஒரு வாக்கியம் எழுதுவதும் மாணவருடைய வேலை. இந்த இரண்டையும் கருவியே செய்து தருவதாகச் சொல்லும் ஆப்களால் பெரிய பயன் இருந்து நான் பார்க்கவில்லை.

முதலில் எந்தச் சொற்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் அதிக நேரம் வீணாவது இங்கேதான். தினம் ஒரு சொல் என்று போனுக்கு அனுப்பும் ஆப்கள் பெரும்பாலும் அரிய சொற்களாகத் தேடி அனுப்புகின்றன. ஆங்கிலத்தில் சில ஆயிரம் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 2013-இல் வெளியான நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் என்ற பட்டியலில் ஏறத்தாழ 2,800 சொற்கள் இருக்கின்றன, பொதுவான ஆங்கில எழுத்தில் சுமார் 92 சதவீதம் அவற்றுக்குள் அடங்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மீதி 8 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட வரிக்கு ஒரு சொல் தெரியாமல் போகிறது என்று அர்த்தம். நாவலையும் செய்தித்தாளையும் உதவியில்லாமல் வசதியாகப் படிக்க 98 சதவீதம் தெரிய வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது.

அதனால் என் முறை இது. அடிக்கடி வரும் முதல் மூவாயிரம் சொற்களுக்குள் ஓட்டை இருந்தால் பட்டியலை வைத்து அடைத்துவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு 3000 பட்டியலும் நான் மேலே சொன்ன பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரிப் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர் என்றால் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்டையும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் 570 சொற்குடும்பங்கள்தான். அதற்கு மேல் பட்டியல் வேண்டாம், படிப்பதிலும் கேட்பதிலும் எதிர்ப்படுகிற சொற்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆசிரியர் என்றால் லெக்ஸ்டியூட்டர் என்ற தளத்தைப் பாருங்கள். வகுப்பில் கொடுக்கப்போகும் பாடத்தை அதில் ஒட்டினால், எது முதல் ஆயிரத்தில் வரும் சொல், எது அதற்கு அப்பால் என்று நிறம் பிரித்துக் காட்டும். ஒரு பாடம் மாணவர்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது பல நேரம் அந்த நிறங்களைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

சரி, மறுபார்வைக்கு வருவோம். உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, ஆனால் இடைவெளி விட்டு மறுபடி படித்தால் மறப்பது மெதுவாகிறது. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் இதை அட்டைப்பெட்டி முறையாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். 1987-இல் பியோட்டர் வோஸ்னியாக் இதைக் கணினிக் கணக்காக எழுதினார், 2006-இல் வந்த ஆன்கி அந்தக் கணக்கின் வழியில்தான் பல ஆண்டுகள் ஓடியது. 2023 முதல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கும் அதில் இருக்கிறது. நீங்கள் அழுத்திய பதில்களைப் பார்த்து உங்கள் மறதிக்கு ஏற்றபடி இடைவெளியை மாற்றிக்கொள்ளும், அமைப்புகளில் போய் அதை இயக்கிவிடுங்கள். போன் கிடைக்காத மாணவருக்கு லைட்னர் பெட்டியே போதும், தத்துவம் ஒன்றுதான்.

ஆன்கி தானாக நாளைக்கு 20 புதிய கார்டு என்று வைத்திருக்கும். தயவுசெய்து அதைக் குறையுங்கள். இன்றைய 20 நாளையும் வரும், நான்கு நாள் கழித்தும் வரும், அதற்குள் அடுத்த நாட்களின் கார்டுகளும் சேர்ந்துவிடும், சில வாரங்களில் ஒரு நாளைய மறுபார்வை நூறைத் தாண்டிவிடும். அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். தொடக்கத்தில் ஐந்து போதும், பழகிய பிறகு எட்டு.

இப்போது கார்டு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். முன்பக்கம் ஒரு ஆங்கிலச் சொல், பின்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், இப்படி ஆயிரம் கார்டு படித்தவர்கள் அந்தச் சொற்களைப் பார்த்தால் பொருள் சொல்வார்கள், ஆனால் பேசும்போது ஒன்றும் வாயில் வராது. அவர்கள் பழகியது அடையாளம் காண்பதைத்தானே தவிர, பயன்படுத்துவதை இல்லை. அதனால் முன்பக்கத்தில் முழு வாக்கியத்தைப் போட்டு, கற்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விடச் சொல்கிறேன், ஆன்கியில் இதற்கு குளோஸ் (cloze) என்று தனிக் கார்டு வகையே இருக்கிறது. அந்த வாக்கியம் மாணவர் அந்தச் சொல்லைச் சந்தித்த இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அவர் படித்த கதை, பார்த்த வீடியோ, அலுவலகத்தில் வந்த மின்னஞ்சல், எதுவானாலும் சரி. பின்பக்கத்தில் சொல்லும், ஒலியும், தமிழ்ப் பொருளும் இருக்கட்டும். தமிழ் கூடவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, தொடக்கநிலையில் தாய்மொழிப் பொருள்தான் வேகமான வழி. அதோடு மாணவரே எழுதிய இன்னொரு வாக்கியமும் வேண்டும்.

அப்புறம், சொல்லைத் தனியாக எடுக்காமல் அக்கம்பக்கத்தோடு எடுக்க வேண்டும். 'டிஸ்கஸ்' என்று மட்டும் கார்டு போட்டவர், 'பற்றி விவாதித்தோம்' என்ற தமிழ் நினைப்பில் 'டிஸ்கஸ் அபௌட்' என்றுதான் பேசுவார். 'வி டிஸ்கஸ்ட் தி பிளான்' என்று முழுதாகப் போட்டவருக்கு அந்தப் பிழை வருவது அரிது. இப்படி எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்க்க, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் உதவும். லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மூன்றுக்குமே இலவச இணையதளம் இருக்கிறது. லாங்மன் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதுகிறது, அதனால் ஒரு பொருளைப் பார்க்கப் போய் நான்கு புதிய சொற்களில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உச்சரிப்புக்கு யூகிளிஷ். ஒரு சொல்லைக் கொடுத்தால் யூடியூப் வீடியோக்களில் மக்கள் அதைச் சொல்லும் இடங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும். ஆங்கில எழுத்தை வைத்து ஒலியை ஊகிக்க முடியாது, அழுத்தமும் இடம் மாறும். 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் 'போட்டோகிராஃபி' என்பதில் இரண்டாவதுக்குப் போய்விடும். இது தெரியாதவருக்கு எழுத்தில் நன்றாகத் தெரிந்த சொல்கூடப் பேச்சில் பிடிபடாது.

படிப்பதற்கு கிண்டில் அல்லது அதுபோன்ற ஏதாவது. சொல்லைத் தொட்டால் பொருள் வரும், தொட்ட சொற்களை எல்லாம் வொக்காபுலரி பில்டர் என்ற பகுதியில் அந்த வாக்கியத்தோடு சேர்த்து வைக்கும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, மறுபடியும் வந்த சொற்களையும் பயன்படும் என்று தோன்றுகிற சொற்களையும் மட்டும் கார்டாக்கினால் போதும். தொடுவதற்கு முன்பு ஒரு நொடி நிறுத்தி, இதற்கு என்ன பொருள் இருக்கும் என்று ஊகித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊகம் தவறாகவே போனாலும் பிறகு பார்க்கிற பொருள் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. வீடியோ பார்ப்பவர்கள் சப்டைட்டிலை ஆங்கிலத்திலேயே வைக்கட்டும். தமிழில் வைத்தால் கண் முழுவதும் தமிழில்தான் இருக்கும், காது வேலை செய்யாது.

வகுப்பில் வைக்கும் வினாடி வினா ஆப்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உற்சாகத்துக்கு நல்லது, வாரத்தில் ஒருநாள் வைக்கலாம். ஆனால் நான்கு விடையில் ஒன்றை வேகமாக அழுத்துவதில் ஏற்கெனவே வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார், உதவி அதிகம் தேவைப்படுகிற பிள்ளை ஒவ்வொரு முறையும் கடைசியில் தன் பெயரைப் பார்க்கும். எனக்கு அது மனதுக்கு ஒப்புவதில்லை. மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, அல்லது குழுவாக ஆடவிட்டு நடத்துங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை நான் பயன்படுத்தச் சொல்வது ஒரே விதத்தில்தான். "இந்தச் சொல்லுக்கு வாக்கியம் எழுதிக் கொடு" என்று கேட்கக் கூடாது. புதுச் சொற்களை வைத்து மாணவரே ஐந்து வாக்கியம் எழுதி, "இதில் இயல்பாக இல்லாதது எது, ஏன்?" என்று கேட்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும், கூச்சப்படும் மாணவருக்கு இது பெரிய வசதி. ஆனால் தவறான விளக்கத்தையும் அதே உறுதியோடு சொல்லும் என்பதால், சந்தேகமாக இருந்தால் அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். எவ்வளவு முயன்றாலும் சில சொற்கள் தலையில் நிற்காது. ஓரளவு பழகிய பிறகும் எட்டு முறை மறந்த கார்டை ஆன்கி 'லீச்' என்று குறித்துவிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைத்துவிடும். அதைப் பார்த்து மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அந்தக் கார்டில்தான் இருக்கும், ஒன்று வாக்கியம் மங்கலாக இருக்கும், அல்லது அதே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல் டெக்கில் இருந்து குழப்பிக்கொண்டிருக்கும். வேறு வாக்கியம் போட்டுப் புதுக் கார்டு எழுதச் சொல்லுங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் அழித்துவிடச் சொல்லுங்கள். தேவையான சொல் என்றால் படிக்கும்போது எப்படியும் மறுபடி வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.