மனநல மருத்துவமனையில் அருங்காட்சியக நிகழ்ச்சிக்குப் போகச் சொன்னால் போகலாமா?

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கும் தங்கையை அருங்காட்சியகத்தின் கலை நிகழ்ச்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள், இது தட்டிக்கழிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையே சரியாகக் கேட்காத நேரத்தில் 'ஓவியம் பாருங்கள்' என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் இது நேற்று முளைத்த யோசனை இல்லை. பிரேசிலில் மனநல மருத்துவர் நீசி ட சில்வெய்ரா, தன் நோயாளிகளின் ஓவியங்களுக்காக 1952-லேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். கனடாவின் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் இலவசமாகப் போகும் திட்டம் 2018-ல் வந்தது.

என் அக்கா இப்படி ஒரு குழுவில் சேர்ந்தபோது வீட்டில் யாரோடும் பேசமாட்டாள். அருங்காட்சியகத்தின் வழிகாட்டி ஒருவர், மனநலப் பிரிவின் செவிலியர் ஒருவர், அவர்களோடு ஏழெட்டுப் பேர். ஒரே ஓவியத்தின் முன்னால் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்காரவைப்பார்கள். யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று பாடம் எடுக்கமாட்டார்கள். 'என்ன தெரிகிறது?' அவ்வளவுதான். பதில் சொல்லாவிட்டாலும் வற்புறுத்தமாட்டார்கள். அப்புறம் வண்ணமோ களிமண்ணோ கையில் தருவார்கள். மருத்துவமனையில் எப்போதும் தூக்கம் எப்படி, பசி எப்படி என்றே கேட்டுக் கேட்டு அவள் சலித்திருந்தாள். இங்கே அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, படத்தைப் பற்றிக் கேட்டார்கள். படத்திலிருந்த ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இன்னொரு பெண்ணோடு வாதாடியதை ஒருநாள் சாப்பாடு ஆறிப்போகும்வரை எங்களிடம் சொன்னாள்.

படம் பார்த்தால் நோய் போய்விடுமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அக்கா மாத்திரையை நிறுத்தவே இல்லை. சிகிச்சைக்குப் பதிலாக இதைத் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடவே தந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். அவளைக் கூட்டிப்போக அரைநாள் விடுப்பு கேட்டால், அலுவலகத்தில் 'பொழுதுபோக்குக்கா?' என்றார்கள். கால் உடைந்து உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போவதாகச் சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்று, நிதி தீர்ந்ததும் நிகழ்ச்சி பாதியில் நின்றது. அடுத்து எங்கே போவது என்று இரண்டு தரப்பிலும் யாரும் சொல்லவில்லை. வெளியே வரத் தொடங்கியவள் மறுபடி அறைக்குள் முடங்கினாள். அதனால் தங்கையைச் சேர்க்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை வாரம் நடக்கும், மனநலப் பிரிவிலிருந்து யார் கூட இருப்பார், முடிந்தபின் எங்கே அனுப்புவார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை விடாதீர்கள்.